எடைக்குப் போடாதவர்

பழைய புத்தகப் பிரியர் என்பவர் புத்தகக் கடைப் படியேறாமலே வீடு நிறையப் புத்தகம் சேர்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, அல்லிக்குளம் வணிக வளாகம், கோவை உக்கடம் போன்ற இடங்களில் குனிந்த நிலையில் காணப்படுவார். சென்னைப் புத்தகக் காட்சிக்கும் தவறாமல் போவார். உள்ளே பத்து சதவீதக் கழிவு தரும் அரங்குகளைச் சுற்றிப் பார்த்து விலைப்பட்டியல் மட்டும் சேகரித்துக்கொண்டு, வாங்குவதை வெளியே நடைபாதையில் வாங்குவார். இந்த இனத்தில் அறுபதைத் தாண்டியவர்களை மூர் மார்க்கெட்டை வைத்து அடையாளம் காணலாம். 1900இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம் 1985இல் எரிந்துபோனது. அங்கே எட்டணாவுக்கு இவர் வாங்கிய அரிய நூல்களின் பட்டியல் மட்டும் இன்றுவரை நீண்டுகொண்டே போகிறது.

பேரம் இவருடைய தலையாய கலை. வேண்டிய புத்தகத்தை நேரடியாகக் கேட்கமாட்டார். ஒரு பழைய டைப்ரைட்டிங் கையேடு, அட்டை போன சமையல் புத்தகம், இரண்டுக்கும் நடுவில் குப்புறக் கவிழ்த்த நிலையில் உண்மையான சரக்கு. விலை கேட்பது கையேட்டுக்கு. முப்பது வருடமாக இதே வித்தையைப் பார்த்துவரும் கடைக்காரர், எந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க இவருக்கு மனம் வரவில்லை என்பதை மட்டும் கவனிப்பார்.

“நடுவுல இருக்குறது நூத்தம்பது சார்.”

“பின்னட்டையே இல்லையேப்பா?”

“அட்டையவா சார் படிக்கப்போறீங்க?”

நூற்று முப்பதுக்குப் படியும். மிச்சமான இருபது ரூபாய் அந்தக் களிப்பில் டீக்கும் வடைக்கும் போய்விடும். பிறகு காலிகோ பைண்டிங்குக்குப் புத்தக விலைக்கு மேலேயே செலவாகும். அது வேறு கணக்கு என்பது இவர் வாதம்.

எதை வாங்குவார் என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ‘பொன்னியின் செல்வ’னுக்கு மலிவுப் பதிப்புகள் எத்தனையோ வந்தாயிற்று, இவருக்கு வேண்டியது கல்கியில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது எந்த வீட்டிலோ கிழித்துத் தைத்துவைத்த, மணியம் படங்களோடு கூடிய கட்டு. அதில் நடுவே இரண்டு வாரம் காணாமல் போயிருக்கும். அந்த இரண்டு வாரத்தைத் தேடுவதில் இவருக்குப் பத்து வருடம் நிம்மதியாகக் கழியும். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் மொழிபெயர்ப்புகளைக் கண்டாலும் விடமாட்டார். சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்ததில் உலக அரசியலுக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட, கெட்டி அட்டைப் புத்தகம் மலிவாகக் கிடைப்பது நின்றுபோனதே இவருக்குப் பெரிய இழப்பு. வாடகை நூலகத்திலிருந்து கழிந்து வந்த துப்பறியும் நாவலையும் ஒதுக்கமாட்டார். முந்தைய வாசகர் எவரோ முதல் பக்கத்திலேயே கொலைகாரனின் பெயரை எழுதிவைத்திருப்பார். இவருக்கு அதுவும் ஓர் ஆவணம்.

வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுபோவது அடுத்த கட்டம். புதுப் புத்தகம் வாங்குபவர் பளபளக்கும் அட்டையால் வாசலிலேயே அகப்பட்டுக்கொள்வார். பழைய புத்தகமோ வரும்போதே பத்து வருடம் பரணில் கிடந்ததுபோல வருகிறது. “இது நம்ம வீட்லயே ரொம்ப நாளா இருக்கறதுதானே” என்று கூசாமல் சொல்லிவிடலாம். கட்டிலுக்கடியும் பீரோ தலையும் நிறைந்த பிறகு இது செல்லாது. அப்போது இவர் முன்னோடி ஒருவரைத் துணைக்கு அழைப்பார். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கியது. இன்று அது சென்னையில் ஆய்வு நூலகமாக விளங்குகிறது. மனைவிக்கு இந்த வரலாறு மனப்பாடம். “அவருக்கு சிகாகோ வந்துச்சு. நமக்குக் கரையான்தான் வரும்” என்பார். கரையானுக்கு முன்பே ராமபாணப் பூச்சி வந்துவிடுகிறது. அதற்கென்று அலமாரியில் வசம்பும் வேப்பிலையும் இருக்கும்.

இத்தனையையும் படிக்கிறாரா என்றால், வாங்கியதில் பாதியைப் படிக்கிறார். மீதிப் பாதி ஓய்வுபெற்ற பிறகு என்று ஒதுக்கப்பட்டது. ஓய்வுபெற்றவர்கள் அதைக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு என்று தள்ளிவைக்கிறார்கள்.

இவரைக் கஞ்சன் என்று சொல்லிவிடலாகாது. ஏற்கெனவே தம்மிடம் உள்ள புத்தகம் நடைபாதையில் கிடந்தால் பார்த்துக்கொண்டு போக இவரால் ஆவதில்லை. “யாருக்காவது ஆகும்” என்று அதையும் வாங்குவார். அந்த யாரையாவது கண்டுபிடிப்பதே வாரநாட்களில் இவர் வேலை. முழங்கால் வலி என்ற பக்கத்து வீட்டுக்காரருக்குச் சித்த மருத்துவம், கடன் கேட்டு வந்த தங்கை மகனுக்கு நாமக்கல் கவிஞரின் சுயசரிதை, கல்யாண வீட்டில் மொய்யோடு ஒரு ஜானகிராமன். பெறுபவர் முகம் சுளித்தாலும் கவலைப்படமாட்டார். புத்தகம் பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் போகாமல் இன்னொரு வீட்டுக்குப் போனதே போதும்.

இரவல் மட்டும் வேறு இலாகா. அதற்கென்று ஒரு நோட்டு. பெயர், தேதி, புத்தகத்தின் உடல்நிலை எல்லாம் அதில் பதிவாகும். கேட்டு வாங்கிப் போனதைத் திருப்பித் தராதவரை எந்தத் துக்கவீட்டில் கண்டாலும் விசாரித்துவிடுவார். ஆகவே இவரிடம் இரவல் கேட்காதீர்கள். தேடிக்கொண்டிருப்பதாக மட்டும் சொல்லிவையுங்கள். அடுத்த மாதத்துக்குள் இன்னொரு பிரதி வாங்கி வந்து சும்மாவே கொடுத்துவிடுவார்.