காரைக் காணோமே, பேராண்டி!

வாடா பேராண்டி. சென்னையில ஏதோ பிராண்டு கம்பெனியில சேந்துட்டியாமே, உங்கம்மா சொன்னா. பழைய கம்பெனிக்குப் புது லோகோ, புதுப் பேரு போட்டுக் குடுக்கற வேலையாம். ஊருக்கெல்லாம் நாமம் போட்டு, போட்டதுக்குக் கூலியும் வாங்கற தொழில் எல்லாருக்கும் அமையாதுடா.

அந்த ஜாகுவார் கார் கம்பெனி விளம்பரத்தை நானும் பாத்தேன். 2024 நவம்பர்ல லோகோவை மாத்தி விட்டாங்களே, அதான். கண்ணைப் பறிக்கற கலர்ல உடுத்திக்கிட்டு ஆணும் பெண்ணுமா வந்து நிக்கறாங்க, ஒரு மூஞ்சியிலயும் சிரிப்பைக் காணோம். இந்தா கார் வரும், அந்தா வரும்னு கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன். வரவே இல்ல. நீங்க காரா விக்கறீங்கன்னு எலான் மஸ்க்கே கேட்டுட்டாரு. அவரும் நானும் ஒத்துப்போன விஷயம் அது ஒண்ணுதான்.

கடையிலயாவது வண்டி இருந்துச்சா? அதுவுமில்ல. இங்கிலாந்துல அப்பத்தான் புது ஜாகுவார் விக்கறதையே நிறுத்தினாங்க. இனிமே எல்லாம் மின்சார வண்டி, விலையும் எக்கச்சக்கம், கொஞ்சம் பொறுங்கன்னாங்க. இருந்த மாட்டை வித்துப்புட்டு, வரப்போற மாட்டுப் பாலுக்கு இன்னிக்கே தண்டோரா போட்ட மாதிரி. அந்தத் தண்டோராவுலயும் மாடுங்கற பேச்சே வரல! டிசம்பர்ல மயாமியில ‘டைப் 00’னு ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்தினாங்க, ரோஸ் ஒண்ணு, நீலம் ஒண்ணு. அதுவும் கண்காட்சி வண்டிதான், காசு குடுத்து ஓட்டிட்டுப் போக முடியாது.

பாவம், அவங்க கஷ்டமும் புரியுது. பழைய வண்டி சரியா விக்கல. 2008-ல ஃபோர்டுகிட்டேருந்து லேண்ட் ரோவரையும் இதையும் சேத்து வாங்கின டாடா கம்பெனி எத்தனை வருஷம்தான் பெருமையை மட்டும் தொடச்சு வெச்சுக்கிட்டிருக்கும்?

மாத்தறதே தப்புன்னு சொல்ற கெழவன் இல்ல நான். ஜாகுவார்ங்கறதே அந்தக் கம்பெனி பொறந்தப்ப வெச்ச பேரா? 1922-ல பிளாக்பூல்ல வில்லியம் லயன்ஸும் ஒரு கூட்டாளியும் மோட்டார் சைக்கிளுக்கு சைடுகார் செய்ய ஆரம்பிச்சப்ப பேரு ஸ்வாலோ. பிறகு எஸ்.எஸ். கார்ஸ். ஹிட்லரோட எஸ்.எஸ். படை பண்ணின அட்டூழியத்துல அந்த ரெண்டு எழுத்தும் நாறிப்போச்சு. 1945-ல ஜாகுவார்னு மாத்துனாங்க. அதையும் வெளியில போய்த் தேடல. 1935-லேருந்து அவங்க வண்டிக்கே வெச்சிருந்த பேரு. மாத்தின மூணாவது வருஷம் எக்ஸ்கே 120 வந்து நின்னுச்சு பாரு, பழைய பேரை எவன் தேடினான்? அன்னிக்கு மாத்தறதுக்குக் காரணமும் இருந்துச்சு, காட்டறதுக்குக் காரும் இருந்துச்சு.

ஆனா உன் பொழப்புக்கு நான் சொல்ற கம்பெனி பர்பெரி. 1856-ல தொடங்கின இங்கிலாந்து கோட்டுக் கம்பெனி. ஈட்டி புடிச்ச குதிரை வீரன்தான் அவங்க அடையாளம். 2018-ல லோகோவை மாத்தறப்ப அவனை எறக்கிவிட்டுட்டு மொட்டையா பேரை மட்டும் எழுதினாங்க. 2023-ல அதே குதிரைக்காரனைத் திரும்பக் கூட்டியாந்து ஏத்துனாங்க. எறக்கறதுக்கு ஒரு செலவு, ஏத்தறதுக்கு ஒரு செலவு!

அதனால எந்தக் கம்பெனி லோகோவைக் கழட்டினாலும் குப்பையில போட்டுடாத, பத்திரமா பரண்ல ஏத்தி வை. அஞ்சு வருஷத்துல அவங்களே தேடி வருவாங்க. மாட்டிவிடற கூலியை அப்ப ரெட்டிப்பாக் கேளு. பரண் வாடகைய மட்டும் தாத்தாவுக்கு அனுப்பிடு.