கப்பல் வராத துறைமுகத்தில் வானம் பார்க்கும் பிள்ளைகள்

ஒலுவில் துறைமுகம் 2013 செப்டம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. டென்மார்க்கின் கடனுதவி, மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு, அம்பாறை நெல் கப்பலேறும் என்ற எங்கள் நம்பிக்கை எல்லாம் சேர்ந்து கட்டிய துறைமுகம் அது. சரக்குக் கப்பல்கள் அங்கே வந்து தங்கவில்லை. வாயிலை மணல் மூடியது. வடக்கே கடல் கரையை அரித்தது. தென்னைகள் சாய்ந்தன, தோணி ஏற்றி வைக்கும் மணல் காணாமற் போனது. அந்த இழப்பு இன்னும் தீரவில்லை. ஆனாலும் கப்பலுக்கென்று ஒதுக்கிய அந்தக் கரையில்தான் எங்கள் பிள்ளைகள் இப்போது தொலைக்காட்டி வைத்து வானம் பார்க்கிறார்கள். அவர்கள் வயதில் எனக்கு அது வாய்க்கவில்லை.

யுத்தம் நடந்த எங்கள் காலத்தில் இருட்டு நிறைய இருந்தது. தொண்ணூறுகளில் மின்சாரம் பெயருக்குத்தான். பால்வீதி வீட்டு முற்றத்துக்கு நேர் மேலே கிடந்தது. அதைப் பார்க்கத்தான் வழியில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, இருட்டினால் எங்கள் ஊர்கள் கதவைப் பூட்டிவிடும். கடற்கரைக்கு இரவில் போவது மீனவருக்கே ஆபத்து. 1997 மார்ச் கடைசியில் ஹேல்-பொப் வால்வெள்ளி வடமேற்கே வயலுக்கு மேல் நின்றது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு வேலியோரம் நின்று பார்ப்பேன். “உள்ளுக்கு வா மகன், பார்த்தது போதும்” என்று உம்மா கூப்பிடுவார். அது சண்டைக்கான சகுனம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பனிக்கட்டியும் தூசும் சேர்ந்த பொருள் அது, சூரியனை நெருங்க நெருங்க ஆவியாகி வால் விடுகிறது என்று சொல்லித்தர எங்களுக்கு யாரும் இருக்கவில்லை.

இப்போது சொல்லித்தர ஆளுண்டு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறுவருடம் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில்தான் இருக்கிறது. என் ராத்தாவின் மகள் அதன் பிரயோக விஞ்ஞான பீடத்தில், சம்மாந்துறையில் படிக்கிறாள். அவளும் சிநேகிதிகளும் சேர்ந்து ஒரு தெறிப்புத் தொலைக்காட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருவார்கள். தோணிக்காரர்கள்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள். வியாழனையும் அதன் நான்கு நிலவுகளையும் பார்த்த ஒருவர் மறுநாளும் வந்தார். “நேத்து ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா நிண்டிச்சி, இண்டைக்கு ஒரு பக்கத்தில மூணு நிக்குது மகள்” என்றார். 1610இல் கலிலியோ கண்டு திகைத்தது இதே இடமாற்றத்தைத்தான். இரவெல்லாம் நட்சத்திரம் பார்த்துத் திசை பிடித்த மனிதருக்குக் கூர்ந்து பார்க்க யாரும் பழக்கத் தேவையில்லை. இடையில் இருந்த குறை ஒரு கண்ணாடி மட்டுமே.

அவள் இதில் இறங்கியது பாடசாலைக் காலத்தில், 2019 டிசம்பர் 26 அன்று. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்த கிரகணம் அது. எங்கள் பக்கம் வளையம் இல்லை, ஆனால் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. சுனாமி வந்து சரியாகப் 15 வருடம் நிறைந்த காலையும் அதுவே. இலங்கையில் சுனாமி மிகக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். அதே திகதி, அதே காலை நேரம், வெயில் மங்குகிறது என்றால் நெஞ்சு பதறாதா? பதறியது. நபியவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் வந்தபோது, யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் மறைவதில்லை என்று நபியவர்கள் சொன்னதை மௌலவி நினைவூட்டினார். கிரகணத் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களைப் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, நிலமெல்லாம் பிறை பிறையாக விழுந்து கிடந்தது. பயத்தோடு வந்த பெண்கள் அந்தப் பிறைகளை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்கள்.

அந்த வாரங்களில் திருவாதிரையும் மங்கிக்கொண்டிருந்தது. ஒரையன் கூட்டத்தின் தோளில் சிவந்து நிற்கும் அந்த நட்சத்திரம் 2020 பெப்ரவரியில், பக்கத்துத் தோளில் இருக்கும் பெலாட்ரிக்ஸ் அளவுக்கு ஒளி குறைந்துவிட்டது. இதை அளக்கக் கருவி வேண்டாம். ஒளித்தரம் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களைத் தெரிவுசெய்து, எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்று வெறுங்கண்ணால் ஒப்பிட்டு எழுதினால் போதும். 1911 முதல் அமெரிக்க மாறுவிண்மீன் நோக்குநர் சங்கம் உலகெங்கிலும் இருந்து இப்படிப்பட்ட குறிப்புகளைச் சேர்த்து வருகிறது. திருவாதிரை தன் மேற்பரப்பிலிருந்து வாயுவைக் கக்கியது, அது குளிர்ந்து தூசாகி நமக்கும் அதற்கும் நடுவே திரை போட்டது என்று வானியலாளர்கள் பின்னர் விளக்கினார்கள். அந்த மங்கலை ராத்தாவின் மகள் அப்பியாசக் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருந்தாள். விஞ்ஞானம் கொழும்பிலோ அமெரிக்காவிலோதான் நடக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

பிறகு சிறுகோள் தேடல். ஹவாயில் ஹலேயகாலா மலையில் உள்ள பான்ஸ்டார்ஸ் தொலைக்காட்டி ஒரே வான்பகுதியைச் சற்று நேரம் விட்டு விட்டு எடுக்கும் நான்கு படங்கள், சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பின் வழியாக உலகெங்கும் உள்ள மாணவர் குழுக்களுக்கு வருகின்றன. மாணவர்கள் அவற்றை அஸ்ட்ரோமெட்ரிக்கா என்ற மென்பொருளில் மாற்றி மாற்றி ஓடவிடுவார்கள். நட்சத்திரங்கள் அசையாது. ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டில், ஒரே வேகத்தில் நகர்ந்தால் அது சிறுகோளாக இருக்கலாம். பெரும்பாலான இரவுகளில் கிடைப்பது ஏற்கெனவே தெரிந்த சிறுகோள், அல்லது படத்தின் பழுது. புதிதாக ஒன்று அகப்பட்டாலும் அதன் பாதை உறுதியாகி இலக்கம் கிடைக்க வருடக்கணக்கில் ஆகும். கண் எரியும் வேலை, பொறுமையான வேலை. அவள் அதை இஷா தொழுகைக்குப் பிறகு, மடிக்கணினியைச் சோற்று மேசையில் வைத்துச் செய்கிறாள்.

எங்கள் கரைக்கு வானம் பார்ப்பதில் பழைய உரிமையும் உண்டு. 1867இல் கொழும்பில் பிறந்த பேர்சி மோல்ஸ்வர்த் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர் திருகோணமலையில் பணியாற்றியபடியே சொந்தத் தொலைக்காட்டியால் வியாழனை ஆராய்ந்தார். 1901இல் அதன் தென்பகுதியில் எழுந்த பெரிய மேகக் கொந்தளிப்பு ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். வியாழன் இங்கே உச்சிக்கு அருகில் ஏறுவதால் காற்றின் நடுக்கம் குறைவாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் இருந்தவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. செவ்வாயில் ஒரு பெருங்குழிக்கு அவர் பெயர் இருக்கிறது. கிழக்குக் கரையின் எந்தப் பாடசாலையிலும் அவரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அன்று எங்களிடம் இருட்டு இருந்தது, வெளியே போகும் உரிமை இல்லை. இன்று உரிமை இருக்கிறது, இருட்டு போய்க்கொண்டிருக்கிறது. வீதி விளக்குகளும் கடை விளக்குகளும் வெளிச்சத்தின் ஒரு பகுதியை வானத்துக்கே அனுப்புகின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில், மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது, பால்வீதி மறுபடி ஊருக்கு மேல் வந்தது. அந்த வருட நோன்பின் கடைசி நாட்களில், ஏப்ரல் 30 அதிகாலை, வெள்ளியும் வியாழனும் ஒன்றையொன்று தொடுவது போலக் கடலுக்கு மேல் எழுந்தன. ஸஹருக்கு விழித்திருந்த ஊர் கரைக்கு வந்து பார்த்தது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று களைத்த முகங்களில் அன்று கண்ட மலர்ச்சி எனக்கு மறக்காது. ஆனால் வானம் பார்க்க நாடு திவாலாக வேண்டியதில்லை. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு ஒளியை நிலத்துக்குத் திருப்பினால் போதும். பிரதேச சபைகள் பெரிய செலவில்லாமல் தொடங்கக்கூடிய வேலை இது.

2027 ஓகஸ்ட் 2ஆம் திகதி இன்னொரு சூரிய கிரகணம் வருகிறது. மக்காவில் 5 நிமிடத்துக்கு மேல் சூரியன் முழுதாக மறையும். இலங்கையில் அது மாலை நேரப் பகுதிக் கிரகணம். சூரியன் அப்போது மேற்கே சாய்ந்திருக்கும், ஆகவே எங்களுக்கு அது கடற்பக்கமாக இல்லாமல் வயற்பக்கமாகத் தெரியும். அதிபர்களும் பள்ளிவாசல் நிர்வாகசபைகளும் இப்போதே ஆயத்தம் செய்யுங்கள். தரச்சான்றுள்ள கிரகணக் கண்ணாடிகளை முன்கூட்டியே தருவியுங்கள், எக்ஸ்ரே படத்தாலும் கறுப்புக் கண்ணாடியாலும் பார்க்க யாரையும் விடாதீர்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் இரண்டு பிள்ளைகளிடமாவது ஒரு கொப்பியைக் கொடுத்து, நிமிடத்துக்கு நிமிடம் எழுதச் சொல்லுங்கள்.