வேட்டி கட்டின ரோபோ

வா மோனே, இதில இரு. மூஞ்சையைப் பார்த்தாலே தெரியுது, ஏதோ பெரிய படம் பார்த்திட்டாய். தனிமையைப் பற்றின படமோ? அதை அறைக்கதவைச் சாத்தி, காதில குமிழ் செருகி, தனிய இருந்து பார்த்தியோ? நல்லாயிருக்கு!

நானும் பார்த்தனான். ‘ஆண்ட்ராய்ட் குஞ்ஞப்பன்’, 2019இல வந்த மலையாளப் படம். ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாளின்ர முதல் படமாம். பையன்னூரில ஒரு முசுட்டுக் கிழவன். மகன் ரஷ்யாவுக்கு உழைக்கப் போறான். அப்பனைப் பார்க்க வைச்ச ஆள் ஒத்துவரேல்லை. கடைசியில ஒரு ரோபோவைக் கொண்டுவந்து விட்டிட்டுப் போறான். கிழவன் முதலில சீறுது. பிறகு? அதுக்கு வேட்டி கட்டி, சாதகமும் எழுதுவிக்குது! சிரிச்சு எனக்கு இருமலே வந்திட்டுது. மல்லித்தண்ணி கொண்டுவந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை, ரோபோ இல்லை.

2022இல அதைத் தமிழில ‘கூகுள் குட்டப்பா’ எண்டு எடுத்தவை. கே. எஸ். ரவிக்குமார் அப்பன். எங்கட திருகோணமலைப் பிள்ளை லொஸ்லியாவும் நடிச்சது. ஆனா முதல் படம்தான் திறம். ஊர்ப்பிள்ளை எண்டதுக்காகப் பொய் சொல்லேலுமே?

ஒண்டு தெரியுமோ உனக்கு? மலையாளத்தில அந்த ரோபோவுக்குள்ள இருந்தது சூரஜ் தேலக்காடு எண்ட உயரம் குறைஞ்ச நடிகர். கிழவனா வந்த சுராஜ் வெஞ்ஞாறமூடுக்கு அப்ப நாப்பது சொச்சம் வயசு. இதுக்கும் ‘விக்ருதி’ எண்ட படத்துக்கும் சேர்த்துக் கேரள அரசு அவருக்குச் சிறந்த நடிகர் விருது குடுத்தது. கிழவனும் பொய், மெசினும் பொய். மெசின் துணைக்கு வரும் எண்டு காட்டவும் உள்ள ஒரு மனிசன் மூச்சுவிட வேண்டிக்கிடந்தது, பார்த்தியே?

மனிசனுக்கு மனிசன்தான் துணை. எங்கட திருகோணமலைத் துறைமுகத்தில எத்தனை கப்பல்காரரைப் பார்த்திருக்கிறன்! மாதக்கணக்காக் கடலில கிடந்திட்டு இறங்குவாங்கள். பாசை தெரியாது. ஆனாலும் தேத்தண்ணிக் கடையில நிண்டு, கையைக் காலைக் காட்டிக் கதைச்சுப்போட்டுத்தான் போவாங்கள். உன்ர காலத்து ஆக்கள் தனிமைக்குக் கருத்தரங்கு வைக்கினம். அந்தக் கப்பல்காரருக்கு ஒரு பிளேன்ரீ போதும்.

என்ர மூத்தவன் கனடாவில. பாசம் கூடி விறாந்தையில ஒரு கமெரா பூட்டிவிட்டிருக்கிறான், அப்பா விழுந்தாத் தெரியுமாம். கோல் எடுக்கிறது மட்டும் நல்லநாள் பெருநாளுக்குத்தான். கதைக்க ஆசை வந்தா நான் என்ன செய்வன் தெரியுமே? சாரத்தை எடுத்து, பயப்படாத, கொடியில காயிற சாரத்தை, கமெராவுக்கு மேல போட்டுவிடுவன். தேத்தண்ணி ஆற முதல் போன் அடிக்கும்.

“அப்பா! என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை மோனே, காத்துக்குப் பறந்திட்டுது. பேத்தி நிக்கிறாளே? குடு பாப்பம்.”