இறாலும் காணாக்கடியும்

கேள்வி: இறால் குழம்பு சாப்பிட்டால் எனக்கு மட்டும் காணாக்கடி வந்து உடம்பெல்லாம் தடிக்கிறது. கணவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஓரவஞ்சனை இறாலுடையது அல்ல, உங்கள் ரத்தத்தினுடையது! ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற ஜெர்மன் மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, சக மருத்துவர் கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினால், மீன் ஒத்துக்கொள்ளும் அவருக்கும் அங்கே தடித்துவிட்டது! 1921-ல் வெளியான ஆய்வு இது. சீரத்தில் இருந்த ஆசாமி ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் என்பது 1960-களில்தான் தெரிந்தது.

ஐ.ஜி.இ. தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இறால் புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐ.ஜி.இ.க்களைப் பிணைத்ததும், செல் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். நுண்குழாய்கள் கசிந்து நீர் கோக்கும்: நடுவில் வெளிறிய மேடு, சுற்றிலும் சிவப்பு, தாங்க முடியாத அரிப்பு. ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சுவடின்றி மறையும். அதற்குள் இன்னொன்று வேறிடத்தில் கடை திறந்திருக்கும்.

குளிர், கிருமித்தொற்று, வலி மாத்திரையாலும் காணாக்கடி வரும். ஆறு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் பெரும்பாலும் சாப்பாடு நிரபராதி. பாவம், கத்தரிக்காயை ஒதுக்காதீர்கள்! உங்கள் விஷயம் வேறு. பரிசோதனை செய்யும்வரை இறால், நண்டு இரண்டையும் தொடாதீர்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அப்போது தேவை அட்ரினலின் ஊசி.