ஓர் ஏணியை முன்னிட்டு ஒரு விஞ்ஞாபனம்

நியூயார்க் மாநிலத்தில் எங்கள் சிற்றூரின் கட்டட இலாகா அதிகாரிகளின் மேலான சமூகத்துக்கு, அவ்வூரில் வரி செலுத்திக் காலம் தள்ளும் ஒரு குடும்பஸ்தன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், குழந்தைகளின் நச்சரிப்பைத் தாங்கமாட்டாமல் கடைக்குப் போய், பதினைந்தடி விட்டமும் நாலடி உயரமும் உள்ள தரைமேல் நீச்சல்குளம் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிவந்த பாக்கியசாலி நானே. கடைக்காரர் என்னிடம் பணத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த குடும்பம் ஜலத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்ததே ஒழிய, அதில் எவர் கையிலும் பெர்மிட் இருந்ததாகத் தெரியவில்லை. வரி ரசீதோடு தாங்கள் அநுப்பியிருந்த துண்டுப் பிரசுரத்தைக் கண்ட பிறகே, மறுநாள் அவிழ்க்க எண்ணியிருந்த பெட்டியை அப்படியே வைத்துவிட்டுத் தங்கள் வாசலுக்கு வந்தேன்.

அங்கேதான் ஜலம் என்பது 24 அங்குலத்தில் குணம் மாறும் வஸ்து என்ற தத்துவத்தைக் கற்றேன். முற்றிலும் தரைமேலேயே நின்று, 24 அங்குலத்துக்குக் குறைந்த ஆழத்துக்கென்று செய்யப்பட்ட தொட்டி வெறும் விளையாட்டுச் சாமான். அதற்கு அநுமதி வேண்டுவதில்லை. அந்த அளவைத் தொட்டுவிட்டாலோ அது நிர்மாணம். அதற்குப் படிவமும் பிரதியும் கட்டணமும் உண்டு. தலைக்கு மேலே போன வெள்ளம் சாண் ஆனால் என்ன, முழம் ஆனால் என்ன என்று கேட்ட எங்கள் முன்னோர்கள் கையில் அங்குலக்கோல் இல்லாத பாமரர்கள் என்பதை அன்று உணர்ந்து வெட்கினேன்.

பிறகு நடந்தவற்றைத் தங்கள் தஸ்தாவேஜுகளே சொல்லும். மூன்று பிரதிகள் கொடுத்த சர்வேப் படத்தில் செப்டிக் டாங்கைக் குறிக்கவில்லை என்று என் மனு முதல் முறை திரும்பிற்று. அதைக் குறித்தபின், எல்லைக் கோட்டிலிருந்து குளத்துக்குள்ள பத்தடி தூரத்தைக் கோட்டின் எந்த ஓரத்திலிருந்து அளந்தேன் என்ற கேள்வியோடு இரண்டாம் முறை திரும்பிற்று. அதற்குச் சமாதானம் எழுதியபின், சர்வேப் படமே பழையது என்ற காரணத்தால் மூன்றாம் முறையும் திரும்பிற்று. இவ்விதம் ஜூன் கழிந்து, ஜூலையும் கழிந்து, என் குழந்தைகள் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தே நீந்தக் கற்றுக்கொண்டார்கள்.

ஆயினும் நான் நன்றி கெட்டவன் அல்லன். தாங்கள் வகுத்துள்ள விதிகளில் உயிரைக் காப்பவை உண்டு என்பதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். இந்த தேசத்தில் ஒன்று முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோகும் காரணங்களுள் முதன்மையானது ஜலத்தில் மூழ்குவதே என்றறிந்த எவனும், குளத்தைச் சுற்றி 48 அங்குலத் தடுப்பு வேண்டும் என்பதையோ, அதில் நாலங்குலப் பந்து நுழையும்படியான இடைவெளி இருக்கலாகாது என்பதையோ பரிகசிக்கமாட்டான். குளத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஓடும் எட்டாம் நம்பர் செப்புக் கம்பி, பம்பில் கசியும் மின்சாரம் குளிப்பவனைத் தீண்டாதபடி எல்லா உலோகத்தையும் ஒரே நிலையில் வைக்கிறது என்று எலெக்ட்ரீஷியன் விளக்கியபோது, அதற்குக் கொடுத்த கூலியை நான் பெரிதாக நினைக்கவில்லை. 2006 டிசம்பர் 14-க்குப் பின் அமைக்கும் குளங்களில் குழந்தை விழுந்தால் அலறும் கருவி இருக்க வேண்டும் என்று இந்த மாநிலம் விதித்ததும் சிலாக்கியமான காரியமே. நாலாயிரத்தறுநூறு காலன், அதாவது பதினேழு டன்னுக்கு மேற்பட்ட ஜலம், தகட்டுச் சுவரொன்றை நம்பிக் கொல்லைப்புறத்தில் நிற்கும்போது, அதை அரசாங்கம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பது நியாயந்தானே?

பார்க்க வந்ததும் மெய்தான். ஒருவழியாக அநுமதி கிடைத்துக் குளத்தை நிறுத்தியபின், ஆகஸ்டு மாதக் கடைசியில் தங்கள் இன்ஸ்பெக்டர் எழுந்தருளி, எல்லைக் கோட்டை முக்கால் மணி நேரம் அளந்தார். என் குளத்தில் நாலடிச் சுவரே தடுப்பாகிவிடுவதால், குழந்தை ஏறக்கூடிய ஒரே வழி ஏணிதான். அதை எடுத்துவிடவோ மடக்கிப் பூட்டவோ வேண்டும் என்ற விதியே மற்றெல்லா விதிகளுக்கும் உயிர்நாடி. அந்த ஏணியை அவர் பார்த்தது அரை நிமிஷம். படிவத்திலும் அதற்குக் கிடைத்தது ஒரே வரி; என் மனையின் எல்லைக்கோ நாலு பக்கங்கள்.

இதைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஆனால் இன்ஸ்பெக்டர் குனிந்து அளந்துகொண்டிருந்த வேளையில், வேலிக்கு அப்பால் அதே கடையில் அதே மாதம் வாங்கிய இன்னொரு குளம் நீலமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. அதன் ஏணி, மே மாதம் முதல் இரவும் பகலும், வருவோரை வரவேற்கும் பாவனையில் இறங்கியே நின்றது. அந்த வீட்டுக்காரர் மனுச் செய்யவில்லை. ஆகவே அவருக்குத் தஸ்தாவேஜு இல்லை. தஸ்தாவேஜு இல்லாத இடத்தில் இன்ஸ்பெக்டரின் பார்வைக்கு ஜலமும் இல்லை. கீழ்ப்படிகிறவன் வீட்டை மட்டும் சோதிக்கும் சட்டம், கீழ்ப்படிகிறவன் குழந்தையை மட்டுமே காப்பாற்றுகிறது. அவர் ஏன் மனுச் செய்யவில்லை என்று கேட்டால், நான் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே பதில். அது எந்தத் திசை வீடு என்று நான் கோள் சொல்லமாட்டேன். என் சர்வேப் படத்தில் நாலு திசையும் இருக்கின்றன, மூன்று பிரதிகளும் தங்களிடமே உள்ளன.

ஆதலால் தங்களை நான் வேண்டிக்கொள்வது அற்பமானது. மனையின் எல்லையைக் காக்கும் விதிகளையும் குழந்தையின் உயிரைக் காக்கும் விதிகளையும் ஒரே கட்டாகக் கட்டாமல், பின்னவற்றை ஒற்றைத் தாளில் அச்சிட்டு, குளம் விற்கும் கடையிலேயே பெட்டியோடு கொடுக்கச் செய்து, ஒரு வாரத்துக்குள் ஆள் அநுப்பி ஏணியையும் கம்பியையும் பார்த்துவிட்டு, எல்லைக் கோட்டின் சாஸ்திரார்த்தங்களைப் பனிக்காலத்தில் சாவகாசமாக நடத்தினால், இரண்டாம் குளத்துக்காரரும் தங்கள் வாசலுக்கு வருவார் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்ஸ்பெக்டர் போன அன்று மாலை, சின்னப் பூட்டு ஒன்றை வாங்கி, வேலிக்கு மேலாகக் கையை நீட்டி அந்த அண்டை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மடக்கிப் பூட்டக்கூடிய ஏணிதான், பூட்டுத்தான் இல்லாதிருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே ஏணியை மடக்கி மாட்டிவிட்டார். அந்தப் பூட்டு பத்தடி தூரம் விலகி நிற்காமல் சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே கைமாறியபடியால், அதற்குத் தனியே அநுமதி பெற வேண்டுமாயின், எந்தப் படிவத்தில், எத்தனை பிரதிகளோடு மனுச் செய்ய வேண்டும் என்பதைத் தயைகூர்ந்து தெரிவிக்கும்படி பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இலாகாவின் கீழ்ப்படிந்த மனுதாரன்