பனிக்கட்டியில பால் வெட்டப் போறவனுக்கு

டேய் பேராண்டி, இப்படி வந்து உட்காரு. அந்தச் சக்கரச் சப்பாத்தைக் கழட்டிட்டு உட்காரு. போன வாரம் நீ ஓட்டின ஓட்டத்துல பாட்டியோட கறிவேப்பிலைச் செடி சாஞ்சது சாஞ்சதுதான், இன்னும் நிமிரல.

ஐஸ் ஹாக்கி ஆடிப் பிழைக்கப் போறியாமே? தாப்பாவுல பொறந்தவன் ஆசைப்பட வேண்டிய வேலைதான். நம்ம ஊர்ல ஐஸைக் கண்ணால பார்க்கணும்னா ரெண்டே இடம். ஒன்னு மீன்காரன் பெட்டி, இன்னொன்னு ஐஸ் கச்சாங் கிண்ணம். பக்கத்துல கேமரன் மலை இருக்கேன்னு சொல்லாத. அத்தனை வளைவுலயும் வாந்தி எடுத்துட்டு மேல போனாலும் அங்க ஸ்ட்ராபெரியும் ஸ்வெட்டரும்தான் விப்பான். பனித்தரை வேணும்னா தெற்கே 150 கிலோமீட்டர் போய், சன்வே பிரமிட் பேரங்காடிக்குள்ள நுழையணும். 1997லேருந்து அங்க இருக்கு.

ஹாக்கின்னா எனக்குத் தெரிஞ்சது ஈப்போதான். 1983ல தொடங்கின சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணத்துக்குப் பாகிஸ்தான்காரன் வர்றான், ஆஸ்திரேலியாக்காரன் வர்றான், பஸ் ஏறினா நம்மளும் போய்ப் பார்த்துட்டு ராத்திரி வீடு திரும்பிடலாம். பேராக்காரனுக்கு அது போதாதா? உனக்குக் கம்பும் வேணும், வழுக்கவும் வேணும்.

சரி, கிண்டல் போதும். மலேசியா 2006லேயே அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்துல சேர்ந்தாச்சு. 2017ல கோலாலம்பூர்ல சீ விளையாட்டுப் போட்டி நடந்தப்போ முதல் தடவையா இந்த ஆட்டத்தையும் சேர்த்தாங்க. தங்கம் யாருக்குத் தெரியுமா? பிலிப்பைன்ஸுக்கு. அங்க மட்டும் என்ன வானத்துலேருந்து பனியா கொட்டுது? அதனால முடியாதுன்னு நான் சொல்லல. நம்ம நாட்டுல இதை ஆடிச் சம்பளம் வாங்க ஒரு லீக் கிடையாதுங்கிறேன், அவ்வளவுதான். ஆடுறவன் கைக்காசைப் போட்டு ஆடுறான். சம்பளத்துக்கு ஆடணும்னா கனடா, அமெரிக்கா மாதிரி நாடுகளுக்குத்தான் போகணும்.

நீ இணையத்துல வரவழைச்ச அந்தக் கறுப்பு வட்டைக் கொடு பார்ப்போம். ம்ம்... மோந்து பார்த்தியா? ரப்பர்டா! கந்தகம் போட்டு வேகவச்ச ரப்பர். மூனு அங்குல அகலம், ஒரு அங்குல கனம், எடை 170 கிராமுக்கு மேல போகாது. துள்ளக்கூடாதுன்னு ஆட்டத்துக்கு முன்னால இதை ஐஸ்ல உறைய வைப்பாங்களாம். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல இருட்டுல எந்திரிச்சு, அட்டைக் கடியில நின்னு, மங்கு மங்கா பாலை வழிச்சு ஊத்தினேன். கார் டயரு ஆகுது, சப்பாத்து ஆகுதுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். வெள்ளைக்காரன் அதை உறைய வச்சு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துல ஒருத்தன் பல்லுமேல ஒருத்தன் அடிச்சு விளையாடிட்டு இருந்திருக்கான். இதே எடைக்குக் கட்டிப்பால் வித்தா ஒரு வெள்ளி தேறுமா? நீ இதுக்கு எவ்வளவு கொடுத்தே? வேணாம், சொல்லாத. ராத்திரி தூக்கம் வராது.

கனடா, அமெரிக்காவுல என்.எச்.எல்.னு ஒரு லீக், அதுல 32 குழு இருக்காம். பதினெட்டு வயசுப் பையன்களை வரிசையாப் பேர் கூப்பிட்டுப் பொறுக்குவாங்களாம். எங்களுக்கு அதுக்குப் பேரு பெரட்டு. விடியுமுன்ன களத்துல நின்னா கிராணி பேர் கூப்பிடுவாரு. இவனுங்களுக்கு டிவியில கூப்பிடுறாங்க, கழுத்துப்பட்டை கட்டி நிக்கிறானுங்க, வித்தியாசம் அவ்வளவுதான். எந்தத் தோட்டம் வேணும்னு ரெண்டு பேரையும் யாரும் கேக்கிறதில்ல.

வேலை எப்படின்னு கேளு. முக்கால் நிமிஷம் ஓடணும், உடனே பெஞ்சுல போய் உட்கார்ந்து மூச்சு வாங்கணும். நான் முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்திருந்தா எங்களை மேய்ச்ச மண்டோர் அரைநாள் சம்பளம்னு அரைப்பேர் போட்டிருப்பான். சண்டை போட்டா அஞ்சு நிமிஷம் கூண்டுல உட்கார வைப்பாங்க. சம்சு குடிச்சிட்டு லயத்துல சண்டை போட்டவனுக்கு அந்த மாதிரி ஒரு கூண்டும் பெஞ்சும் கொடுத்திருந்தா, எங்க தோட்டத்துல பாதிப் பேர் அங்கேயே குடித்தனம் பண்ணியிருப்பான்.

சம்பளம் பெருசுதான், மறைக்கல. 2023லேயே குறைஞ்சபட்சம் வருஷத்துக்கு 775,000 அமெரிக்க வெள்ளி. வாயைப் பொளக்காத, ஈ போயிடும். அதுல ஒரு பங்கை முதலாளிங்க பிடிச்சு வச்சுக்கிட்டு, வருஷக் கடைசியில வரவு செலவு பார்த்துத்தான் மிச்சம் இருந்தாத் திருப்பித் தருவாங்க. புதுப் பையனோட ஒப்பந்தத்துல இன்னொரு சூது இருக்கு. கீழ் லீக்குக்கு இறக்கி விட்டா அன்னையிலேருந்து கீழ்ச் சம்பளம். காலையில பெரிய சம்பளக்காரன், சாயங்காலம் பஸ் டிக்கெட் கையில.

ஏஜெண்டுன்னு ஒருத்தன் வருவான். அவன் பல்லைக் காட்டிச் சிரிக்கும்போது எங்கப்பாவை நெனைச்சுக்க. ஊர்லேருந்து அவரைக் கூட்டியாந்த கங்காணி, அவர் வேலைக்குப் போற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கினான். 1938ல இந்திய அரசாங்கம் ஆள் ஏத்துறதை நிறுத்துற வரைக்கும் அந்த வியாபாரம் ஓடுச்சு. ஐஸ் மேலயும் கங்காணி உண்டு. ஆலன் ஈகிள்சன்னு ஒரு வக்கீல். ஆட்டக்காரனுங்க சங்கத்துக்குத் தலைவரும் அவரே, அவனுங்க ஏஜெண்டும் அவரே. கடைசியில 1998ல மோசடி செஞ்சேன்னு நீதிமன்றத்துல ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போனாரு. ஏமாந்தவனெல்லாம் சுவத்துல படம் மாட்டின பெரிய ஆட்டக்காரனுங்கடா. ஆங்கிலம் தாய்மொழியா பேசினவனுங்க. நீ எந்த மூலை?

உடம்பு விஷயம் சொல்றேன். ரப்பர் மரத்தை நட்டு ஆறு வருஷத்துல கத்தி வைப்போம். இருபது வருஷத்துக்கு மேலயே பால் கொடுக்கும், வெட்டின பட்டை திரும்ப வளரும். ஐஸ் ஹாக்கிக்காரன்ல முக்காவாசிப் பேருக்கு அஞ்சு வருஷம் நிலைக்கிறதே பெரும்பாடு. முட்டிச் சவ்வு திரும்ப வளராது. 1959ல ஜாக் பிளாண்ட்னு ஒரு கோல் காவலர் மூஞ்சி கிழிஞ்சு தையல் போட்ட பிறகு, முகமூடி இல்லாம இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சாரு. அவரோட பயிற்சியாளருக்கு அது பிடிக்கவே இல்ல. எனக்கு அந்தப் பயிற்சியாளரை நல்லாத் தெரியும். அட்டை கடிக்குது, சப்பாத்து வேணும்னு கேட்டப்போ சிரிச்ச மண்டோருக்கு அண்ணன் தம்பியா இருக்கணும்.

நம்ம நிறத்துல போனவன் இல்லாம இல்ல. பஞ்சாபிக் குடும்பத்துப் பையன் ராபின் பாவா, 1989ல என்.எச்.எல்.ல இறங்கின முதல் இந்திய வம்சாவளிக்காரன். அப்புறம் மேனி மல்ஹோத்ரா, 1998ல ஏழாவது ஆளாப் பேர் கூப்பிட்டாங்க, 991 ஆட்டம் ஆடினாரு. 2011 மார்ச்ல இந்த வட்டுதான் அவர் கண்ணுல அடிச்சுது. கண்ணுக்கே ஆபத்துன்னு இருந்தவர், அதே வருஷம் கோடையில முழு முகக்கவசம் மாட்டிக்கிட்டு இறுதிச் சுற்றுல வந்து ஆடினாரு. ரப்பரால அடிபட்டும் ரப்பரை விடாதவன். அவரைத் தோட்டத்துக்காரன்னே சொல்லிடலாம், என் கணக்குல.

போறதுன்னா போ. முதல் சம்பளத்துல சேமநிதிக்கு ஒரு பங்கு ஒதுக்கிடு. எந்தத் தாள்லயும் படிக்காம கையெழுத்துப் போடாத. படிச்சும் புரியலைன்னா எனக்கு அனுப்பு, எனக்கும் புரியாது, ஆனா ரெண்டு மாசம் தாமதமாகும், அதுக்குள்ள அவன் விலையை ஏத்துவான். பல்லைப் பத்திரமா வச்சுக்க. என் வாயில மிச்சம் இருக்கிறது நாலே நாலு, கடனாக்கூடத் தர மாட்டேன்.