காவிரிக்கும் ஒரு பங்கு

காவிரித் தண்ணீர் கடலில் கலப்பது வீண்தானே?
*(வாசகர், மன்னார்குடி)*

ஆறு கடலுக்குப் போகாவிட்டால், கடல் ஆற்றுக்குள் வரும். எது தேவலை? நன்னீர் வரத்து குறைந்தால் கடைமடைக் கிணறுகளில் உப்பு ஏறும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் வாடும்.

காவிரிக்குப் பங்காளிகள் நாலு பேர்தானே?
*(வாசகி, ஈரோடு)*

ஐந்து! கர்நாடகம், தமிழகம், கேரளம், புதுச்சேரி, ஐந்தாவது, காவிரியே. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பிரித்தபோது சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், தடுக்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. பெற்றவளுக்கு நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதிலும் கை வைக்க வேண்டாமே.

மேட்டூர் நிரம்பிவிட்டால் கவலை விட்டதா?
*(வாசகர், திருச்சி)*

அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஓராண்டில் நமக்கு வர வேண்டியது 177.25 டி.எம்.சி. ஒரே மூச்சில் வந்தால் மீதியை எங்கே வைப்பீர்கள்?

ஏரி, குளங்களில்தான் வைக்க முடியும். மேட்டூர் நிரம்பிய செய்தி வரும் வரை காத்திருக்காமல், கோடையிலேயே உங்கள் ஊர் ஏரியின் வரத்து வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லிக் கேளுங்கள்.